பாட்டிலுக்குப் பழகிய குழந்தை மார்பில் வாய் வைக்க மறுக்கிறாள்

மகள் பிறந்து இன்றோடு 38 நாள். 37 வாரத்தில் சிசேரியன், 2.6 கிலோ. மஞ்சள் காமாலைக்காக லைட்டில் வைத்திருந்த 4 நாளும் பாட்டிலில்தான் கொடுத்தார்கள், வினை அங்கே ஆரம்பித்தது. இப்போது மார்பருகே கொண்டுபோனாலே உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டு அழுகிறாள், அரைத்தூக்கத்தில் மட்டும் இரண்டு நிமிடம் சப்புகிறாள்.

பால் இல்லாமல் இல்லை. பம்பில் ஒரு தடவைக்கு 60 மில்லி வருகிறது (பூண்டும் சுறாப்புட்டும் தின்று தின்று எனக்கே அலுத்துவிட்டது). எடை இப்போது 3.5 கிலோ, ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை சிறுநீர் போகிறாள். நாக்கு ஒட்டு (நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டு சரியாக அசைய முடியாத நிலை) இல்லை என்று குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார்.

நிப்பிள் ஷீல்டு (காம்பின் மேல் வைக்கும் மெல்லிய உறை) போட்டுப் பார்த்தேன், சட்டையில்லாமல் நெஞ்சோடு அணைத்து வைத்தேன், பசி முற்றும் முன்பே கொடுத்தும் பார்த்தேன். அப்புறம் பாட்டிலை விட்டு பாலாடைக்கு (சங்கு மாதிரி மூக்குள்ள சின்னக் கிண்ணம்) மாற்றி 3 நாள் ஆகிறது, பாதி கழுத்தில் வழிகிறது. மாமியார் பவுடர் பாலே போதும் என்கிறார். நாங்கள் இருப்பது தேனிப் பக்கம், பாலூட்டல் ஆலோசகர் யாரும் அருகில் கிடைக்கவில்லை.

பாட்டிலுக்குப் பழகிய குழந்தையைத் திரும்பவும் மார்புக்குக் கொண்டுவந்தவர்கள் யாராவது இருந்தால், என்ன செய்தீர்கள், எத்தனை நாளில் பிடித்தது என்று சொல்வீர்களா?