புகார் கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சும் தோழிக்கு என்ன வழி சொல்வது?

கேள்வி: முதுநிலை மாணவி, நீலகிரி

வணக்கம். நான் நீலகிரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் என்னுடன் ஒரே அறையில் தங்கியிருக்கும் தோழியைப் பற்றிய கேள்வி இது. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். இந்த மாவட்டத்தின் ஆறு தொல் பழங்குடிச் சமுதாயங்களில் ஒன்றைச் சேர்ந்தவள் அவள். எது என்று எழுதினால் ஆள் யார் என்பதும் தெரிந்துவிடும், ஏனென்றால் எங்கள் துறையில் அந்தச் சமுதாயத்திலிருந்து படிப்பவள் அவள் ஒருத்திதான். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளும் அவள்தான்.

முதலில் எல்லாம் கேலியாகத்தான் தொடங்கியது. செய்முறை வகுப்பில் ஒரு செடியைக் காட்டும்போதெல்லாம், "உன் வீட்டுக் கொல்லையில் முளைப்பதுதானே, நீயே சொல்" என்று ஆசிரியர் அவளைப் பார்த்துக் கேட்பார், வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவளுக்கு அந்தச் செடியின் பெயர் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். ஆனால் இரண்டு மாதங்களில் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள். பிறகு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பது நின்று, சமுதாயத்தின் பெயரே அவள் பெயராயிற்று. "சும்மா இருந்தாலே சீட்டு, சும்மா இருந்தாலே ஸ்காலர்ஷிப்" என்று ஒருவன் எழுத, பதினொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் அந்தக் குழுவில் இருந்தேன். நான் சிரிக்கவில்லை, ஆனால் ஒன்றும் எழுதவுமில்லை.

ஆகஸ்ட் மாதம் முதல் அதே ஆசிரியரிடமிருந்து அவளுக்கு இரவில் செய்திகள் வருகின்றன. "தூங்கிவிட்டாயா?" என்று தொடங்கும். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் கடைசி மூன்று பயிற்சிகளுக்கு அவர் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேபுக்குத் தனியாக வந்தால் போட்டுத் தருவதாக எழுதியிருக்கிறார். போன வாரம் வந்த செய்தியை இங்கே எடுத்தெழுத எனக்கு மனம் வரவில்லை. இப்போதெல்லாம் இரவில் கைப்பேசி அதிர்ந்தால் அவள் அதைக் கம்பளிக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறேன் என்கிறாள்.

துறைத் தலைவர் அந்த ஆசிரியருக்கு மிகவும் வேண்டியவர். விடுதிக் காப்பாளர் அவருக்கு உறவு. இந்த மலையில் யாரிடம் சொன்னாலும் மறுநாள் மார்க்கெட் வரை பேச்சு வந்துவிடும். புகாரை நிரூபிக்க முடியாவிட்டால் அவள்மீதே நடவடிக்கை பாயும் என்று மூத்த மாணவி ஒருவர் சொன்னார். அது உண்மையா? அவளுக்குப் பதிலாக நானே புகார் கொடுக்கலாமா?

பதில் 1: வழக்கறிஞர், குன்னூர்

தங்கைக்கு, சில ஆண்டுகளாகக் கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுக்களில், அதாவது பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் குழுக்களில், வெளி உறுப்பினராக இருந்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அச்சத்துக்கு விடை. புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. தீய நோக்கத்தோடு, பொய்யென்று தெரிந்தே புகார் கொடுத்தார் என்பது தனியாக விசாரித்து நிறுவப்பட்டால்தான் நடவடிக்கை. உங்களிடம் இப்படிச் சொல்லிப் பயமுறுத்திய மாணவியும் யாரோ சொல்லக் கேட்டுத்தான் சொல்லியிருப்பார்.

கல்லூரி மாணவிகளுக்கு அந்தச் சட்டத்தோடு பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆம் ஆண்டு விதிமுறைகளும் சேர்ந்து பொருந்தும். அவற்றின்படி, குழுவின் தலைவர் மூத்த பெண் பேராசிரியராக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் இருக்க வேண்டும். உங்களுக்கு மிக முக்கியமானது இன்னொன்று: துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் உறுப்பினராகவே இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் துறைத் தலைவர் வழியாகத்தான் புகார் போக வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது. குழுவின் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையிலோ கல்லூரி இணையதளத்திலோ இருக்கும். அதில் துறைத் தலைவர் பெயர் இருந்தால் புகாரிலேயே அதற்கு ஆட்சேபம் எழுதிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்தவை என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. போன வாரம் செய்தி வந்திருப்பதால் காலம் தாராளமாக இருக்கிறது. உடல்நிலையோ மனநிலையோ இடம் கொடுக்காத நிலையில் தோழியோ உறவினரோ கொடுக்கலாம். மற்றபடி பாதிக்கப்பட்டவரின் கையெழுத்தே வேண்டும். எழுத உதவி செய்வது குழுத் தலைவரின் கடமை. 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். அறிக்கை கிடைத்த 30 நாட்களுக்குள் நிர்வாகம் அதன்மேல் செயல்பட வேண்டும்.

புகாரோடு சேர்த்து இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விசாரணை முடியும்வரை அந்த ஆசிரியர் உங்கள் தோழியின் தேர்வையோ மதிப்பெண்ணையோ தொடக் கூடாது என்று உத்தரவிட விதிமுறைகளில் இடம் உண்டு. ரெக்கார்டு நோட்டில் வேறோர் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் தோழி பழங்குடியினர், ஆசிரியர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் என்றால், 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வரும். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பழங்குடிப் பெண் என்று தெரிந்தே அவரிடம் பாலியல் தன்மையுள்ள சொற்களைப் பயன்படுத்துவது அந்தச் சட்டத்தின் கீழ்த் தனிக் குற்றம். போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதற்கு முன் ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேசிவிடுங்கள். பெண் என்ற வகையிலும் பழங்குடியினர் என்ற வகையிலும் வருமானம் பார்க்காமல் அவருக்கு இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

அந்தச் செய்திகளை அழிக்க வேண்டாம். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. செய்தி வந்த கைப்பேசியும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் 2: ஓய்வு பெற்ற பேராசிரியர்

வழக்கறிஞர் அம்மையார் சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஆசிரியர் அறையின் உள்ளே நடப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலையிலும் சமவெளியிலும் பாடம் நடத்தியவன் நான். ஒரு ஆசிரியரைப் பற்றி இப்படியொரு பேச்சு எழுந்தால், முதலில் அறைக்குள் கேட்கும் வார்த்தை "அவர் நல்ல மனுஷன்" என்பதுதான். சக ஆசிரியருக்கு அவர் நல்லவராகவே இருந்திருப்பார். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்திருப்பார். தன்னால் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாத ஒருவரிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்து, குறைக்க முடிந்த ஒரு மாணவியிடம் எப்படி நடந்துகொள்வார் என்று எப்படித் தீர்மானிக்க முடியும்? ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் போடும் கையெழுத்து, பயிற்சி ஒழுங்காகச் செய்யப்பட்டது என்பதற்கான சான்று. அதைக் காட்டி ஒரு பெண்ணை ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத ஆய்வகத்துக்கு அழைப்பது, ஆசிரியர் தொழிலையே விற்பதற்குச் சமம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் வந்து, பெயர் சொல்லாமல், "ஐயா, ஒரு ஸ்டாஃபால் தொந்தரவாக இருக்கிறது" என்றார். பரீட்சை நெருங்கியிருந்தது. "பரீட்சை முடியட்டும் அம்மா, பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிட்டேன். நல்லதே சொன்னதாக அன்று நினைத்தேன். அவர் பரீட்சை எழுதவே வரவில்லை. யார், என்ன என்று நான் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்றுவரை அது எனக்கு ஆறவில்லை.

எனவே, உங்கள் துறையிலேயே ஒருவரையாவது தேடிப் பாருங்கள். அவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். புகார் கொடுக்கப் போகும்போது உடன் வந்து நின்றால் போதும். வாட்ஸ்அப் குழுவில் நடந்ததற்கு, ஒரு நல்ல ஆசிரியரை வைத்து வகுப்பில் எல்லோரிடமும் மனம்விட்டுப் பேசச் செய்யலாம் என்பது என் எண்ணம். 1996 இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான், 1997 இல் தமிழ்நாடு ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. கேலி எதுவரை போகும் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்கு உண்டு.

பதில் 3: கோத்தகிரியிலிருந்து

ஐயா சொன்னவற்றில் கடைசிப் பகுதியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. தயவுசெய்து வகுப்பைக் கூட்டிப் பேச வேண்டாம். யாரைப் பற்றிய பேச்சு என்று அங்கே உள்ள அனைவருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரமும் எல்லாக் கண்களும் அவள்மீதே இருக்கும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது.

என் தாத்தா இந்தியாவும் இலங்கையும் 1964 இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். நான் பிறந்தது கோத்தகிரியில். இலங்கையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் கல்லூரியில் மூன்று ஆண்டுகளும் என் பெயர் "சிலோன்". ஒரு நாள் ஆசிரியர் ஒருவர் நல்ல மனதோடு என்னை எழுப்பி நிறுத்தி, "இவளும் நம்மைப் போல ஒருத்திதான்" என்று வகுப்புக்கு எடுத்துச் சொன்னார். அந்த நிமிடம் வரை நான் அவர்களில் ஒருத்தி இல்லை என்று எனக்கே தோன்றியதில்லை.

சக மாணவர்கள் செய்ததற்கும் வழி இருக்கிறது. ராகிங் தடுப்புக்கான மானியக் குழுவின் 2009 விதிமுறைகளை 2016 இல் திருத்தியபோது, சாதி, இனம், மொழி, பிறந்த இடம், வாழும் இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றைக் காட்டி ஒரு மாணவரை மன அளவில் துன்புறுத்துவதையும் ராகிங் என்றே சேர்த்திருக்கிறார்கள். முதலாண்டு மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை. 1800-180-5522 என்ற எண்ணில் பெயரை வெளியிடாமலே சொல்லலாம். இதை அவளிடம் சுமத்தாமல், அந்தக் குழுவில் இருந்த நீங்களே செய்ய முடியும் தங்கச்சி. படங்களும் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஒரு சிறிய விஷயம். ஒரு தோழி, அதே குழுவில், எல்லோரும் படிக்கும்படி என் முழுப் பெயரையும் போட்டு, "நாளைக்கு செமினார் இவளுடையது, எல்லோரும் வந்துவிடுங்கள்" என்று எழுதினாள். யாரையும் திட்டவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

விசாரணைக்கு அவள் பெற்றோரை அழைத்தால், காலை நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். மாலையில் பனி இறங்கிவிட்டால் பஸ்ஸும் நிச்சயமில்லை. அவர்களுக்குத் தமிழைவிடத் தங்கள் மொழியில் பேசுவது எளிது என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி கேட்ட மாணவி மீண்டும், பன்னிரண்டு நாட்கள் கழித்து

வழக்கறிஞர் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அவளே உட்கார்ந்து நான்கு பக்கம் தன் கையால் எழுதினாள். இரண்டு இரவுகள் ஆயின. முதல் பக்கத்தை மூன்று முறை கிழித்தாள், ஆனால் எழுதாமல் விடவில்லை. அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துத் தர மறுத்ததால், குழுத் தலைவருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். எங்கள் துறையின் இளம் ஆசிரியை ஒருவர் தபால் அலுவலகம் வரை உடன் வந்தார். வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை நான் என் பெயரிலேயே ராகிங் தடுப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று அவளுடைய ரெக்கார்டு நோட்டில் வேறோர் ஆசிரியர் மூன்று கையெழுத்துகளையும் போட்டுக் கொடுத்தார்.

இப்போது புதிதாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அந்த ஆசிரியரின் உறவினர்கள் இருவர் ஜீப்பில் அவள் ஊருக்கே போய், அவளுடைய அப்பாவிடம், பெண்ணின் எதிர்காலம் கெட்டுவிடும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா பயந்திருக்கிறார். என்ன செய்வது?

வழக்கறிஞர், குன்னூர்

சமரசம் என்பது புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே உண்டு. அப்போதும் பணத்தை அடிப்படையாக வைத்து எதையும் முடிக்கக் கூடாது என்று 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு தடுக்கிறது. வேறு யார் வந்து பேசினாலும் அது புகார்தாரர்மீதான அழுத்தம்தான். வந்தவர்கள் யார், எந்த நேரம், என்ன சொன்னார்கள், உடன் யார் இருந்தார்கள் என்பதை அப்பாவிடம் கேட்டு எழுதி, இன்று மாலைக்குள் குழுவுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மீண்டும் வந்தால் அப்பா வாசலிலேயே நின்று, "மகளிடம் கேட்காமல் நான் பேச மாட்டேன்" என்று மட்டும் சொல்லட்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்றால், எந்தத் தாளை நீட்டினாலும் கைரேகை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே தொலைபேசியில் சொல்லச் சொல்லுங்கள். அங்கே சிக்னல் கிடைக்காவிட்டால், அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் தெரிந்தவர் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள்.