புதுப்பிப்பு: டேபிள் சோ பலகையைத் திருப்பி அடிச்ச விசயம்

போன மாசம் எழுதியிருந்தேனே, ஹட்டன்ல நம்ம பட்டறையில கிராண்டிஸ் (ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) பலகையை நீளவாட்டுல கிழிக்கும்போது டேபிள் சோ (மேசை ரம்பம்) அதைத் தூக்கி என் வயித்துல அடிச்சிருச்சின்னு, காரணம் இப்ப புடிபட்டிருச்சி.

மொதல்ல ஃபென்ஸ், அதாவது பலகையை ஒட்டிவச்சுத் தள்ளுற பக்கச் சட்டம். டேபிள்ல பிளேட்டுக்கு இணையா இருக்கிற காடியில (நீளப் பள்ளத்துல) இருந்து முன்னுக்கும் பின்னுக்கும் அளந்து பார்த்தா பின்பக்கம் 1 மில்லிமீட்டர் பிளேட்டு பக்கமா சாஞ்சு நிக்குது. பலகை உள்ள போகப்போக இறுகும், பின்னால மேல எழும்பி வர்ற பல்லு கவ்விரும், அப்புறம் நேரா நம்ம மேலதான் வரும். அதைச் சரி பண்ணிட்டேன்.

ஆனா பெரிய காரணம் ரிவிங் நைஃப் இல்லாததுதான், அதாவது பிளேட்டுக்குப் பின்னால நின்னு வெட்டு மூடிக்காம புடிக்கிற தகடு. மெசின் வாங்கும்போதே அது கழட்டித்தான் கெடந்திச்சி, நானும் கவனிக்கல. கிராண்டிஸ் மரத்துக்குள்ள இறுக்கம் ஜாஸ்தி, பாதி வெட்டுல மெசினை நிப்பாட்டி பிளேட்டு நின்ன பொறகு குனிஞ்சு பார்த்தேன், 3 மில்லிமீட்டர் வெட்டுவாய் (பிளேட்டு வெட்டின இடைவெளி) பின்னுக்கு ஒரு காகிதம்கூட போகாத மாதிரி மூடியிருந்திச்சி. இப்ப நைஃப் போட்டாச்சு. அது பிளேட்டு தகட்டைவிட தடிப்பா, வெட்டுவாயைவிட மெல்லிசா இருக்கணும், பிளேட்டுக்குக் கிட்டவே நிக்கணும்.

போன பதிவைப் பார்த்துட்டு வெட்டுவாயில ஆப்பு வைக்கச் சொன்ன அண்ணாவுக்கு ரொம்ப நன்றி, நைஃப் வர்ற வரைக்கும் அதுதான் கைகொடுத்திச்சி.

தம்பிமாரே, தள்ளுகட்டை இல்லாம ஒடுக்கமான துண்டை வெட்டாதீங்க, பலகைக்கு நேர் பின்னால நிக்கவும் வேணாம்.