பழைய காரின் டேஷ்போர்டில் தொடுதிரைக் கணினி: சேலம், ஏற்காடு நண்பர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி, மாருதி 800

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. வீடு அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில். அதனால் மலைப்பாதைதான் இந்த வண்டிக்கு அன்றாட வேலை.

டேஷ்போர்டில் கணினி வைக்க நினைத்ததற்குப் பாட்டு காரணம் இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறும்போது இன்ஜின் எவ்வளவு சூடாகிறது, பேட்டரி எத்தனை வோல்ட்டில் நிற்கிறது என்பதை எண்ணாகப் பார்க்க ஆசை. வண்டியோடு வந்த முள் நடுவில் நிற்கும், இல்லையென்றால் மேலே போகும். அதற்கு மேல் எதுவும் சொல்லாது. புது வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, இன்ஜின் தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. ஒரு சின்ன புளூடூத் அடாப்டரைச் செருகினால் எல்லாத் தகவலும் திரைக்கு வந்துவிடும். கார்புரேட்டர் 800ல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவே கிடையாது, அப்புறம் சாக்கெட்டுக்கு எங்கே போவது? கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ என் தேவைக்கு ஆகாது என்று தெரிந்த பிறகுதான் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டும், அதே நிறுவனத்தின் 7 அங்குலத் தொடுதிரையும் வாங்கினேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 800ல் ரேடியோவுக்கு விட்டிருக்கும் துளை, கார் ரேடியோக்களுக்கான சிங்கிள் டின் என்ற பொது அளவு, அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். திரையின் வெளி அளவு 194க்கு 110. டபுள் டின் துளைகூட 180க்கு 100தான், அதிலும் இது அடங்காது. டேஷ்போர்டை வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் பலர். நான் வெட்டவில்லை. 800 உற்பத்தி 2014ல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் ஒரு டேஷ்போர்டு வேண்டுமென்றால் இனி ஸ்கிராப் கடைகளில்தான் தேட வேண்டும். பழைய ரேடியோவின் இரும்புக் கூட்டைத் துளைக்குள் அப்படியே விட்டு, அதன் முகப்பில் ஒரு அலுமினியத் தகட்டைத் திருகி, தகட்டின் மேல் திரையை வைத்தோம். பை போர்டு திரையின் முதுகிலேயே உட்கார்ந்துகொள்ளும். தகட்டைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வெட்டி வளைத்துக் கொடுத்தார்கள். திருகுகளைக் கழற்றினால் பழைய ரேடியோ மறுபடி அதே இடத்தில் உட்காரும்.

இனி மின்சாரம். இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான். யூடியூபில் பார்க்கும் வீடியோக்கள் திரை எரிவதோடு முடிந்துவிடுகின்றன. அது ஒரு மாதம் கழித்தும் எரிகிறதா என்பதை ஒயரிங்தான் தீர்மானிக்கும்.

வண்டி நிற்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும், ஓடும்போது 14 பக்கம் ஏறும், செல்ஃப் அடிக்கும் நொடியில் பத்துக்கும் கீழே இறங்கும். பை போர்டுக்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வரை. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் காட்டும். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் மொபைல் சார்ஜரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த மின்னல் நன்றாகவே தெரிந்திருக்கும். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும், 5 ஆம்பியர் தாங்கும் பக் கன்வெர்ட்டர் ஒன்றைத் திரைக்குப் பின்னாலேயே வைத்தேன். 12 வோல்ட்டைத்தான் நீளமாக இழுத்து வர வேண்டும், 5 வோல்ட் ஒயர் ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. கால் வோல்ட் வழியில் குறைந்தால் 12க்கு ஒன்றும் ஆகாது, 5க்கு அது பெரிய இழப்பு.

அடுத்து, எந்த லைனில் இணைப்பது? ரேடியோ போன்றவற்றுக்குச் சாவி வழியாக வரும் ஏசிசி லைனில் கொடுத்தால் சாவியைத் திருப்பியதும் எரியும், எடுத்ததும் அணையும், வேலை சுலபம். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது ஏசிசி துண்டிக்கப்படும். வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது வண்டி ஆஃப் ஆனால், மறுபடி ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிக்குப் பவர் கட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டில் உள்ள ஃபைல்கள் கெடும். அதனால் பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக மின்சாரம் கொடுத்தேன். அந்த ரிலேயை இழுத்துப் பிடிக்க இரண்டு வழிகள்: ஒன்று ஏசிசி, இன்னொன்று ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பை. சாவியைத் திருப்பினால் ஏசிசி ரிலேயை இழுக்கும், பை எழுந்ததும் தானும் பிடித்துக்கொள்ளும். சாவியை எடுத்த செய்தி, ஒளி வழியாக மட்டும் சமிக்ஞை கடத்தும் ஒரு ஆப்டோகப்ளர் மூலம் பைக்குப் போகும். பை போர்டின் இணைப்புப் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 12 வோல்ட்டை நேராகக் காட்டவே கூடாது. அரை நிமிடம் பொறுத்து, சாவி திரும்ப வரவில்லை என்றால் ஒழுங்காக ஷட்டவுன் ஆகி, கடைசியில் ரிலேயை விட்டுவிடும். அதன் பிறகு பேட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் போகாது. 35 ஆம்பியர்-ஹவர் (Ah) கொள்ளளவுள்ள சின்ன பேட்டரி வைத்திருக்கும் வண்டிக்கு இது மிக முக்கியம். கூடவே ஓவர்லே முறையை இயக்கி கார்டில் எதுவும் எழுதாதபடி செய்துவிட்டேன். அது அமைப்புகள் மெனுவிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் இணைக்க உதவியவர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு கார் எலக்ட்ரீஷியன். கணினி அவருக்குப் புதிது. வண்டியை நிறுத்தியதும் அவர் சொன்னது: "தம்பி, ஸ்கிரீன் அப்புறம் மாட்டிக்கலாம். மொதல்ல எர்த் பாக்கலாம் வாங்க." எர்த் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் இரும்பு உடலோடு சேரும் இணைப்பு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள இரும்பிலும் வைத்தார். சும்மா பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இத்தனை வருடத் துரு. பாடியில் எர்த் பிடிக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, புது ஒயர் போட்டுக் கொடுத்தார். திரை மாட்டுவதற்கு முன்பே ஹெட்லைட் வெளிச்சம் கூடிவிட்டது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் திரை வைக்காவிட்டாலும் இந்தச் சோதனையை மட்டும் செய்து பாருங்கள்.

சூட்டை அளக்க டிஎஸ்18பி20 சென்சார் போதும், 125 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும். தெர்மோஸ்டாட் இருக்கும் உலோகக் கழுத்தில் கிளாம்ப் போட்டுக் கட்டியிருக்கிறேன். வெளிப்பக்கம் அளப்பதால் உள்ளே ஓடும் தண்ணீரின் சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். ஆனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில் சந்தேகமே வராது. அடிவாரத்தில் எண்பதுகளில் இருக்கும். ஏசி போட்டு, முன்னால் லாரி ஒன்று போய், இரண்டாவது கியரிலேயே ஏற வேண்டி வந்தால் வளைவுக்கு வளைவு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏசியை அணைத்த சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கும். முன்பெல்லாம் இதை ஒரு ஊகமாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். மலையில் ஓட்டும்போது தொடுதிரையைத் தொட வேண்டிய அவசியமே வரக் கூடாது. ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் ஒன்றைத் தனியாக வைத்தேன். கண் சாலையிலேயே இருக்கும், கை தானாக அதைத் தேடிப்போகும். சூடு அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும், பார்க்கத் தேவையில்லை. மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வருவதால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைக் கார்டிலேயே ஏற்றி வைத்திருக்கிறேன். வீடியோ எதையும் ஏற்றவில்லை, ஏற்றவும் மாட்டேன்.

கொண்டலாம்பட்டி, பிரீமியர் பத்மினி

அண்ணா, எர்த் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. என் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் கிடையாது, பழைய முறை டைனமோதான். ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஐடிலில் சார்ஜே ஏறாது, சிவப்பு விளக்கு மினுக்கும். ராத்திரி, மழை, வைப்பர், ஹெட்லைட், அதோடு திரையும் என்றால் எல்லாம் பேட்டரி தலையில்தான். அதனால் என் அமைப்பில் வோல்ட்டேஜ் 12க்குக் கீழே போனால் திரை மங்கிவிடும், இன்னும் இறங்கினால் தானே அணைந்துவிடும். டைனமோ வண்டிக்கு இது இல்லாமல் எதையும் மாட்ட வேண்டாம்.

நான் எழுத வந்தது சேலத்து வெயிலைப் பற்றி. என் திரைக்கான சட்டத்தை 3டி பிரிண்ட் செய்து கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏப்ரலில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மதியம் வந்து பார்த்தால் சட்டம் முகம் கோணித் தொங்குகிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி பக்கமே இளகத் தொடங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடிக்குக் கீழே கருப்பு டேஷ்போர்டு அந்தச் சூட்டை நம்ம ஊர் கோடையில் சாதாரணமாகத் தொடும். இப்போது போர்டு எழுதும் கடையில் லேசரில் வெட்டிய கருப்பு அக்ரிலிக் போட்டிருக்கிறேன். இரண்டு கோடை தாங்கிவிட்டது.

பழைய டேப்லெட்டைக் கழற்றி டேஷ்போர்டில் பதிக்கலாம் என்று யாராவது நினைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். அதற்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது. வெயிலில் வெந்துகொண்டே சார்ஜும் ஏறினால் அது உப்பும். என் மாமாவின் வண்டியில் கண்ணாடியே விட்டுப் பிரிந்து வந்தது. நல்ல வேளை, தீப்பிடிக்கவில்லை. பை போர்டில் பேட்டரியே இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அதுவும் சூடானால் 80 டிகிரிக்கு மேல் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். வெயிலில் நின்ற வண்டியில் ஏறினால் கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் காற்று விட்ட பிறகுதான் நான் அதை இயக்குவேன்.

நாகலூர், டீசல் ஜீப்

உங்களுக்கு வெயில், எங்களுக்குப் பனி. ராத்திரி ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் பத்தடி தெரியாது. அந்த நேரத்தில் டேஷ்போர்டில் வெள்ளை வெளிச்சம் இருந்தால் அது முன் கண்ணாடியில் பிரதிபலித்து, தெரிகிற பத்தடியும் போய்விடும். பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து ஒரு சமிக்ஞை எடுத்து, லைட் போட்டதும் திரை மிகக் குறைந்த வெளிச்சத்துக்குப் போய், பின்னணி கருப்பாக மாறும்படி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு சுவிட்ச். அதைத் தட்டினால் திரை முழுக்க இருட்டு, சூடு எச்சரிக்கை ஒலி மட்டும் வரும். மழைக்காலத்தில் ராத்திரி பெரும்பாலும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர் காலைகளில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் சூடேறும்போதே வோல்ட்டேஜ் நன்றாகக் கீழே இழுக்கும், அப்புறம் செல்ஃப் வேறு. நான் வைத்த முதல் கன்வெர்ட்டர் அந்த நேரத்தில் கை விட்டுவிட்டது. 8 வோல்ட்டிலும் வேலை செய்வதாகப் பார்த்து மாற்றிய பிறகு பிரச்சினை இல்லை. எஸ்டேட் மண் சாலை அதிர்வில் திரைக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள தட்டை ரிப்பன் ஒயர் கழன்று வரும், அதன் பூட்டின் மேல் வெப்பம் தாங்கும் டேப் ஒட்டுங்கள். போர்டின் மேல் ஈரம் தடுக்கும் ஸ்ப்ரே அடித்திருக்கிறேன், கனெக்டர்களை மட்டும் மறைத்துவிட்டு.

கருப்பூர், மாணவன்

அண்ணா, எங்கள் வீட்டு 800ல் பாட்டு போட்டால் கூடவே ஒரு விசில் சத்தம் வருகிறது. ஆக்சிலேட்டர் மிதித்தால் விசிலும் ஏறுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா? இன்னொரு சந்தேகம், ஏசிசி ஒயர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ரேடியோவைப் பிடுங்கிய இடத்தில் எல்லா ஒயரிலும் டேப் சுற்றியிருக்கிறது.

அஸ்தம்பட்டி, மாருதி 800

தம்பி, ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பை ஒரு இடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறு இடத்திலும் எர்த் எடுத்திருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள சின்ன வித்தியாசம் ஒலியாக வரும். இரண்டையும் ஒரே இடத்தில் எர்த் செய்து பாருங்கள். மிச்சம் இருந்தால் நடுவில் ஒலி ஒயரில் இரண்டு எர்த்தையும் பிரித்து வைக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைப் போடுங்கள். போர்டிலுள்ள ஹெட்போன் துளையைவிட ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு தெளிவாக இருக்கும்.

ஒயருக்கு வருவோம். நிறத்தை நம்பி எதையும் இணைக்காதீர்கள். முன்பு ரேடியோ மாட்டியவர் கையில் கிடைத்த ஒயரை இணைத்திருப்பார். ஒவ்வொன்றாக டேப்பைப் பிரித்து, முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் விரித்து வைத்து, மீட்டரின் கருப்பு முனையை பாடியில் பிடியுங்கள். சாவியே இல்லாதபோதும் 12 காட்டுவது நேர் லைன். சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் மட்டும் காட்டுவது ஏசிசி. பார்க்கிங் லைட் போட்டால் மட்டும் காட்டினால் அது டயல் விளக்கு லைன், நாகலூர் நண்பர் சொன்னதற்கு அது உதவும். எதிலும் காட்டாமல் ஜோடியாக வருபவை ஸ்பீக்கர் ஒயர்கள். அவற்றில் ஒன்றைக்கூட பாடியோடு சேர்க்காதீர்கள்.

மீட்டர் இல்லையென்றால் ஞாயிறு காலை வண்டியை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி பக்கம் வாருங்கள், நான் வீட்டில்தான் இருப்பேன். சேர்ந்தே பார்த்துவிடலாம்.