தொங்கும்போது மட்டும் வலிக்கும் ஹார்னஸ், அண்ணாந்தால் சரியும் ஹெல்மெட்

கேள்வி:
வணக்கம். ஓராண்டாக உள்ளரங்கப் பாறையேற்றச் சுவரில் வாடகை ஹார்னஸுடன் (இடுப்பிலும் தொடைகளிலும் கட்டிக் கயிற்றோடு இணைக்கும் பட்டைத் தொகுதி) ஏறி வருகிறேன். அடுத்து வெளிப்பாறைக்குப் போக இருப்பதால், ஹார்னஸும் ஹெல்மெட்டும் சொந்தமாக வாங்க விரும்புகிறேன். நிற்கும்போது எந்தத் தொந்தரவும் தராத ஹார்னஸ், கயிற்றில் இரண்டு நிமிடம் தொங்கியதும் மேலேறி விலாவின் கீழ் அழுத்தி மூச்சு முட்ட வைக்கிறது. இறங்கிப் பார்த்தால் தொடையின் உட்புறத்தில் பட்டையின் விளிம்பு சிவப்புக் கோடாகப் பதிந்திருக்கிறது. ஹெல்மெட்டோ அண்ணாந்து பார்த்தவுடன் பின்னுக்குச் சரிந்து நெற்றியைத் திறந்து விடுகிறது. மெத்தை தடித்த ஹார்னஸ் வாங்கினால் தீருமா? என்னிடமுள்ள சைக்கிள் ஹெல்மெட் தலைக்கு நன்றாகப் பொருந்துகிறது, அதையே பயன்படுத்தலாமா? என் இடை சிறியது, தொடைகள் சற்றுப் பருத்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில் 1:
மெத்தையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளும் அளவுக் கோளாற்றையே காட்டுகின்றன. தொங்கும்போது உடல் எடையின் பெரும்பங்கைத் தொடைப்பட்டைகள் சுமக்க வேண்டும். இடுப்புப்பட்டை உடலை நிமிர்த்திப் பிடித்தால் போதும். தொடைப்பட்டைகள் தளர்ந்திருந்தாலோ, அவற்றுக்கும் இடுப்புப்பட்டைக்கும் இடையிலான உயரம் உங்கள் உடலுக்கு அதிகமாக இருந்தாலோ, பாரம் முழுவதும் இடுப்புக்கு வந்து பட்டை விலாவை நோக்கி ஏறிவிடும். தளர்ந்த தொடைப்பட்டை தட்டையாகப் படியாமல் சுருண்டு விளிம்பால் அறுக்கவும் கூடும்.

இடுப்புப்பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு மேலே அமர வேண்டும். கட்டிய பின் இரு கைகளாலும் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். எலும்பைத் தாண்டி இறங்கினால், தலைகீழாகப் புரண்டு விழும்போது நீங்கள் அதிலிருந்து நழுவ இடமுண்டு என்று பொருள். உள்ளங்கையைத் தட்டையாக உள்ளே விட முடிய வேண்டும், ஆனால் அங்கேயே முஷ்டியாகத் திருப்ப முடியக் கூடாது. பக்கிளைக் கடந்து பட்டையின் வால் 8 செ.மீ. அளவாவது மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள். இடைக்கும் தொடைக்கும் அளவு மாறுபடும் உங்களுக்குத் தொடைப்பட்டையிலும் பக்கிள் உள்ள வகையே ஏற்றது. பெண்களுக்கென வடிவமைத்த மாதிரிகளில் மேற்சொன்ன உயரமும் இடை, தொடை விகிதமும் வேறாக இருக்கும் என்பதால் அவற்றையும் அணிந்து பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறும்போது உடுத்தும் அதே உடையில், கடையிலேயே கயிற்றில் குறைந்தது ஐந்து நிமிடம் தொங்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கண்ணாடி முன் நின்று எடுக்கும் முடிவுதான் பலரையும் ஏமாற்றுகிறது.

பதில் 2:
ஹெல்மெட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம். பாறையேற்ற ஹெல்மெட்டுகளுக்கான ஈஎன் 12492 என்ற ஐரோப்பியத் தரத்தில், 5 கிலோ எடையை 2 மீட்டர் உயரத்திலிருந்து உச்சியின் மீது விழச் செய்து, தலைக்குக் கடத்தப்படும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டுகிறதா என்று சோதிக்கிறார்கள். கூர்முனை ஊடுருவாமையையும் தனியே பார்க்கிறார்கள். மேலிருந்து விழும் கூர்மையான கல்லை மனத்தில் வைத்துச் சைக்கிள் ஹெல்மெட்டைச் செய்வதில்லை. கட்டுமானத் தொழிலாளரின் ஹெல்மெட்டும் உதவாது. ஈஎன் 397 தரத்தின்படி அதன் தாடைப்பட்டை 150 முதல் 250 நியூட்டன் விசைக்குள் விடுபட வேண்டும். பாறையேற்றத்தில் அது 500 நியூட்டனையும் தாங்க வேண்டும்.

சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பின்புறப் பிடிப்புதான். அது பின்மண்டை மேட்டுக்குக் கீழே இறங்கி அணைக்க வேண்டும். உயர்த்திக் கட்டிய கொண்டை அதைத் தடுக்கும். முடியைக் கழுத்தருகே தாழ்த்திக் கட்டுங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். தாடைப்பட்டையை மாட்டாமல், பின்புறத்தில் அளவைச் சரிசெய்யும் சக்கரத்தை மட்டும் இறுக்கி, குனிந்து தலையை ஆட்டினாலும் ஹெல்மெட் நிற்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நேற்று நான்கு ஹார்னஸ்களில் தொங்கிப் பார்த்தேன். தொடையிலும் பக்கிள் உள்ள பெண்களுக்கான ஒன்றில் பத்து நிமிடம் இருந்தும் இயல்பாகப் பேச முடிந்தது. மெத்தை அவற்றிலேயே அதற்குத்தான் மெல்லியது. கொண்டையை இறக்கியதும் ஹெல்மெட்டும் அசையவில்லை. இதற்கிடையே, அதே மாதிரியில் தம்முடைய பழைய ஹார்னஸைத் தருவதாக ஒரு நண்பர் சொல்கிறார். அதுவும் பொருந்துகிறது, இடுப்புப்பட்டையையும் தொடைப்பட்டைகளையும் முன்னால் இணைக்கும் பிலே லூப் என்ற வளையத்தில் மட்டும் ஓரிடத்தில் நூல் பிசிறாக எழும்பியிருக்கிறது.

பதில் 1 எழுதியவர்:
தயவுசெய்து அதை வாங்காதீர்கள். புதிய பிலே லூப் 15 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது தரம். தேய்ந்த லூப்புக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது. 2006இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் கயிற்றில் இறங்கும்போது பாறையேற்ற வீரர் டாட் ஸ்கின்னர் உயிரிழந்தது தேய்ந்திருந்த பிலே லூப் அறுந்ததால்தான். அவர் உலகறிந்த அனுபவசாலி. நண்பரும் அதில் இனி ஏறக் கூடாது. வேறு யார் கையிலும் சிக்காதபடி, லூப்பையும் இடுப்புப்பட்டையையும் வெட்டிய பிறகே குப்பையில் போடச் சொல்லுங்கள்.