பானைக்குள்ள இன்சுலின்: அந்த 10 டிகிரி எங்கேர்ந்து வந்துச்சு?

ஈரக்குமிழ் (தண்டையார்பேட்டை):
ரெண்டு நாளா ஒரு செய்தி வாட்ஸப்ல சுத்துது. "கரன்ட் போனா கவலை வேண்டாம், இன்சுலினை மண்பானையில் வையுங்கள், 10 டிகிரி குறையும், ஃப்ரிட்ஜே தேவையில்லை." எழுதினவர் இந்த விவாதத்துலயே இருக்கார், கொசப்பேட்டை சக்கரம். அவருக்கு ஒரு கேள்வி: எதிலிருந்து 10?

பானையைக் குளிர வைக்கிறது மண் இல்லை, ஆவியாகிற தண்ணி. 1 கிராம் தண்ணி ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேணும். அதைப் பானையிடமிருந்து பிடுங்கிக்கிட்டுப் போகுது. காத்து ஏற்கெனவே ஈரத்தைக் குடிச்சிட்டு நின்னா ஆவியாக இடம் ஏது? வெப்பமானிக் குமிழில் ஈரத்துணி சுத்தி வீசினா ஒரு அளவு காட்டும், அதுக்குப் பேர் ஈரக்குமிழ் வெப்பநிலை. எந்தப் பானையும் அதுக்குக் கீழே போகாது. 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்னா அந்த எல்லை 27. கடல்காத்து வந்த பிறகு 32 டிகிரி, 75 சதவீதம்னா எல்லை 28க்குக் கொஞ்சம் மேல. வித்தியாசம் 4 டிகிரி கூட இல்லை. ராஜஸ்தான்ல நடக்கிறது ராயபுரத்துல நடக்காது.

கொசப்பேட்டை சக்கரம்:
38ல 27 போனா 11. நான் 10ன்னேன். உங்களுக்கு 1 டிகிரி மிச்சமே வெச்சிருக்கேன் சார், இன்னா கோவம்?

ஈரக்குமிழ்:
27ங்கிறது எல்லை, பானை போய்ச் சேர்ற இடம் இல்லை. காத்து நல்லா வீசி, பானை நல்ல பானையா இருந்தா அந்த 11ல முக்கால்வாசி கிடைக்கும். அதாவது 8, உள்ளே 30. அதுவும் நண்பகலுக்கு முன்னாடி, கடல்காத்து வராத நேரத்துல. சாயங்காலம் 3 கிடைச்சா பெரிசு. உங்க செய்தியில "10 டிகிரி குறையும்"னு மொட்டையா இருக்கு.

கொசப்பேட்டை சக்கரம்:
நல்ல பானை இன்னான்னு முதல்ல தெரிஞ்சுக்கினு பேசுங்க. பெயின்ட் அடிச்ச பானை, வழவழன்னு மெழுகு பூசின பானை, இதெல்லாம் ஷோகேஸுக்கு. பானை வாயில உதட்டை வெச்சா ஒட்டணும், அதான் நுண்துளை இருக்குற பானை. பெரிய பானைக்குள்ள சின்னப் பானை, நடுவுல ரெண்டு விரக்கடை ஆத்து மணல், காலையும் சாயங்காலமும் மணல் நனைய தண்ணி. மேல ஈரக் கோணித்துணி. தரையில குந்த வெக்காம பிரிமணை மேல, இல்ல மூணு செங்கல் மேல தூக்கி வெக்கணும், அப்பதான் அடிப்பக்கமும் காத்து போவும். உள்ள பாட்டிலை அப்படியே போடாத, மூடி போட்ட டப்பாவுல போட்டு வை, லேபிள் ஊறிப்போனா எந்த மருந்துன்னே தெரியாது. இப்படி வெச்சா 10 குறையும்.

மருந்துச்சீட்டு (ராயபுரம்):
ரெண்டு பேரும் பானையைப் பத்திப் பேசுறீங்க, இன்சுலினுக்கு என்ன வேணும்னு யாரும் பேசலை. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள். திறந்து ஊசி குத்த ஆரம்பிச்சது, அட்டையில போட்டிருக்கிறபடி 25 அல்லது 30 டிகிரிக்குள் ஏறக்குறைய 4 வாரம். இது கம்பெனி கணக்கு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் கென்யாவின் தடாப் அகதி முகாமில் வீட்டுக்குள்ள வெப்பம் எப்படி ஏறி இறங்குதுன்னு அளந்து, அதே மாதிரி 25க்கும் 37க்கும் நடுவுல ஏத்தி இறக்கி 4 வாரம் வெச்சுப் பாத்தாங்க. 2021ல வெளியான முடிவு: ஃப்ரிட்ஜ்ல வெச்சதோட ஒப்பிட்டா வீரியக் குறைவு 1 சதவீதத்தைத் தாண்டலை. ஆகப் பானை 10 குறைச்சாலும் 4 குறைச்சாலும் திறந்த பாட்டிலுக்குப் பெரிசா கவலை இல்லை.

வியாசை வெங்காயம்:
கென்யா வரைக்கும் எதுக்குப் போறீங்க? பக்கத்துப் புதுச்சேரியில ஜிப்மர் 2009லயே பாத்துட்டாங்க. 32, 37 டிகிரியில வெச்ச, 1 மி.லி.க்கு 40 யூனிட் இருக்கிற இன்சுலின், 28ஆம் நாள் 14 முதல் 18 சதவீதம் வரை வீரியம் போயிடுச்சு. நம்ம ஊர் வெயில், நம்ம ஊர் பாட்டில். வெளிநாட்டான் சொன்னா மட்டும் வேதவாக்கா?

மருந்துச்சீட்டு:
ஒண்ணு 32லயும் 37லயும் நிறுத்தி வெச்சது. இன்னொண்ணு ராத்திரி 25க்கு இறங்குறது. ரெண்டும் ஒண்ணு இல்லை. அப்புறம் 2023ல, பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்த கோக்ரேன் தொகுப்பு வந்தது. திறக்காத மனித இன்சுலின் 25 டிகிரியில 6 மாசம், 37 டிகிரியில 2 மாசம் தாங்கும்னு சொல்லுது.

வியாசை வெங்காயம்:
திறந்ததுக்கு ஒரு ஆய்வு, திறக்காததுக்கு ஒரு ஆய்வு, எது வசதியோ அதைத் தூக்குறீங்க. மே மாசம் வியாசர்பாடி ஷீட்டு வீட்டுக்குள்ள ராத்திரி 25 டிகிரியா? ஷீட்டு ராத்திரி 10 மணிக்கும் சுடும். உங்க தடாப் கணக்கு அங்க செல்லாது.

ஈரக்குமிழ்:
வெங்காயம் சொல்றதுதான் என் கட்சி. மூடின ஷீட்டு வீட்டுல பானை வெச்சா நிலைமை இன்னும் மோசம். ஆவியான தண்ணி அறைக்குள்ளேயே நிக்கும், ஈரப்பதம் ஏறும், பானை வேலை செய்யறதை நிறுத்திடும். ஜன்னல் ஓரத்துல, வெயில் படாம, காத்து குறுக்கே போற இடத்துல வெக்கணும். அந்த இடம் இருக்கிற வீடு எத்தனை? ஆக 10 டிகிரி பொய்.

கொசப்பேட்டை சக்கரம்:
பொய்யா? போன வருஷம் கேன் தண்ணி சண்டையில டி.டி.எஸ்.ஸையும் (தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) கடினத்தன்மையையும் ஒண்ணுன்னு அடிச்சுப் பேசினது யாரு? அப்ப வராத அறிவியல் இப்ப மட்டும் பொங்கி வழியுது.

ஈரக்குமிழ்:
அது வேற விவாதம். அதுலயும் ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலை, ஒண்ணு இன்னொண்ணுல அடங்கும்னுதான் சொன்னேன். கடினத்தன்மை தர்ற கால்சியமும் மக்னீசியமும் டி.டி.எஸ்.ல அடங்கும். இப்ப பேச்சு வந்துட்டதால சொல்றேன்: போர் தண்ணி ஊத்தினா பானை வெளிப்பக்கம் வெள்ளையா உப்புப் பூக்கும், நுண்துளை அடைஞ்சு போகும். ஒரு கோடையைத் தாண்டாது. உங்க 10 டிகிரி வெள்ளையா சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும்.

கொசப்பேட்டை சக்கரம்:
தேங்கா நார் வெச்சுத் தேய்ச்சு, சோப்பு போடாம கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டா திரும்பவும் கசியும். சோப்பு போட்டா துளையில பூந்துக்கும். குயவன் கிட்ட கேட்டா இலவசமா சொல்லுவான்.

கடற்கரை ரோடு:
எதுக்கு இவ்ளோ பேச்சு, பானையில ரெண்டு ஐஸ்கட்டி போட்டா முடிஞ்சுதே?

ஊசி அக்கா:
தம்பி, அதைச் செய்யாதே. வெயில்ல இன்சுலின் மெதுவா வீரியம் இழக்கும், உறைஞ்சா ஒரே ராத்திரியில போயிடும். 30/70 கலவை மாதிரி கலங்கலான இன்சுலின் உறைஞ்சு உருகினா துகள் கட்டி கட்டியா சேந்துக்கும், பாட்டில் சுவத்துல உறைபனி மாதிரி ஒட்டும். உருட்டினாலும் சரியாகாது. ஒரு ஊசியில அதிகம் வரும், அடுத்ததுல வெறும் தண்ணி வரும். ஐஸ்கட்டியோட பாட்டில் தொடவே கூடாது. ஃப்ரிட்ஜ் வெச்சிருக்கிறவங்களும் பனிப்பெட்டிக்குக் கீழே, பின்சுவரை ஒட்டி வெச்சுத்தான் கெடுத்துக்கறாங்க. கதவுத் தட்டுல வைங்க. கரன்ட் போனா கதவைத் திறக்காம விட்டா ஏறக்குறைய 4 மணி நேரம் குளிர் நிக்கும்.

தெளிவா இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கினா தூக்கிப் போடுங்க. கலங்கலா இருக்க வேண்டியதை உள்ளங்கையில வெச்சு மெதுவா பத்துத் தடவை உருட்டுங்க, குலுக்காதீங்க. இதையும் தாண்டி, அரசு ஆஸ்பத்திரியில தர்ற பாட்டில் 1 மி.லி.க்கு 40 யூனிட். சிவப்பு மூடி ஊசி அதுக்கு. ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. மாறிப்போச்சுன்னா பானை 10 குறைச்சா என்ன, 20 குறைச்சா என்ன.

வியாசை வெங்காயம்:
மூடி நிறத்தை நம்பி ஊசி போடச் சொல்றது டேஞ்சர். குழல்ல அச்சடிச்ச எண்ணைப் பார்க்கச் சொல்லுங்க.

ஊசி அக்கா:
எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு நிறம்தான் வழி. கணக்கு வேணும்னா இந்தாங்க: 40 யூனிட் மருந்தை 100 ஊசியில 20 கோடு வரை இழுத்தா உள்ள போறது 8 யூனிட். 100 யூனிட் மருந்தை 40 ஊசியில 20 கோடு இழுத்தா 50 யூனிட். முதலாவதுல சர்க்கரை எகிறும், ரெண்டாவதுல ஆள் மயங்கி விழுவார்.

வியாசை வெங்காயம்:
அதான் நானும் சொல்றேன், எண்ணைப் பார்க்கணும்.

ஊசி அக்கா:
நிறமும் பார்க்கணும்.

மருந்துச்சீட்டு:
இன்னொரு கணக்கு யாரும் போடலை. 10 மி.லி. பாட்டில்ல 400 யூனிட். காலை 20, ராத்திரி 10 போடுறவருக்கு 13 நாள்ல பாட்டில் காலி. 28 நாள் வரைக்கும் போகவே போகாது! ஜிப்மரா தடாபாங்கிற சண்டையே அவருக்கு இல்லை. அவர் பிரச்சினை, ஒரு மாசத்துக்கு மொத்தமா வாங்கி வந்து வீட்டுல காத்திருக்கிற ரெண்டாவது, மூணாவது பாட்டில். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லேர்ந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வாசல்ல கொண்டாந்து தருது, மாத்திரைக்குப் பானை வேணாம். இன்சுலினுக்குத்தான் வீட்டுல இடம் வேணும். ஃப்ரிட்ஜ் இருக்கிற பக்கத்து வீட்டுல அந்த ரெண்டு பாட்டிலைக் குடுத்து வெச்சிட்டு, திறந்ததை மட்டும் பானையில வெச்சா எந்த ஆய்வும் வேணாம்.

ஈரக்குமிழ்:
பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் அறிவியல் ஆகாது. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை. எதிலிருந்து 10? நிழல்ல இருக்கிற காத்து வெப்பத்திலிருந்தா, மொட்டை மாடி வெயில்லேர்ந்தா? மொட்டை மாடியில வெச்ச வெப்பமானியோட ஒப்பிட்டா வெறும் மரப்பெட்டி கூட 10 குறைக்கும். 2016ல இந்தியா உட்பட பல நாட்டுல பானையை வெச்சு அளந்த ஆய்வே, ஈரம் குறைஞ்ச காத்துலதான் நல்ல பலன்னு சொல்லிச்சு. சக்கரம் அதைப் படிக்கலை.

கொசப்பேட்டை சக்கரம்:
அதே ஆய்வு எல்லாப் பானையும் வெப்பத்தைக் குறைச்சுதுன்னும் சொல்லிச்சே, அந்த வரியை மட்டும் கண்ணு தாண்டிப் போச்சா?

கடற்கரை ரோடு:
2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப கரன்ட் போய் நாள் கணக்கா இருட்டு. எண்ணூர் பக்கம் எண்ணெய்க் கசிவு வேற. அப்ப இந்தப் பானை இருந்தா எவ்ளோ உதவி!

ஈரக்குமிழ்:
டிசம்பர் மழையில காத்து கிட்டத்தட்ட நூறு சதவீதம் ஈரம். பானை பூஜ்யம் டிகிரி குறைக்கும். ஆனா அப்ப வெப்பமே 25தான், பானையே வேணாம். பானை வேலை செய்யற நேரத்துல கரன்ட் இருக்கும், கரன்ட் இல்லாத புயல்ல பானை வேலை செய்யாது. இதைத்தான் முதல்லேர்ந்து கத்துறேன்.

வியாசை வெங்காயம்:
மே மாசம் வியாசர்பாடியில கரன்ட் இருக்கும்னு யார் சொன்னது?

மருந்துச்சீட்டு:
சண்டை போடறதுக்குப் பதிலா ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்குங்க, ஒயர்ல சென்சார் தொங்குற மாதிரி. சென்சாரை டப்பாவுக்குள்ள பாட்டில் பக்கத்துல விட்டு, காலை 6, மதியம் 1, சாயங்காலம் 5, ராத்திரி 10ன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. பக்கத்துலயே நிழல்ல இன்னொண்ணு.

கொசப்பேட்டை சக்கரம்:
வாங்கட்டும். மதியம் 1 மணிக் கணக்கை மட்டும் பாருங்க, 10 வரும்.

ஈரக்குமிழ்:
சாயங்காலம் 5 மணிக் கணக்கை மட்டும் பாருங்க, 3 வரும்.

ஊசி அக்கா:
சென்சார் ஒயரை உள்ள விடறதுக்காக டப்பா மூடியைத் திறந்து வெச்சிடாதீங்க, ஈரம் உள்ள போகும்.

கொசப்பேட்டை சக்கரம்:
மூடி போட்டாலும் 10தான் அக்கா.