கம்யூனிட்டி காலேஜில் ஜெனரல் ஸ்டடீஸ்: படித்தவர்கள், படிக்க வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டாண்டு அரசுக் கல்லூரியில், ஒரே துறையில் நிற்காமல் பல பாடங்களைக் கலந்து படிக்கிற ஜெனரல் ஸ்டடீஸ் என்றதும் "எதுவும் முடிவு பண்ணாதவங்க சேர்ற படிப்பு" என்று நம்மவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அதைப் படித்தவள். திட்டம் போட்டுப் படித்தால் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடத் தோதான படிப்பு இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரில் பி.எஸ்சி. பாதியில் நின்றது. கல்யாணம், அமெரிக்கா, பிள்ளைகள். சின்னவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பகலில் கொஞ்ச நேரம் கையில் வந்தது. எனக்குச் சீக்கிரம் ஒரு வேலை வேண்டும், பட்டத்தை எப்போதாவது முடிக்க வழியும் திறந்திருக்க வேண்டும்.

இங்கே அசோசியேட் என்கிற இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 செமஸ்டர் யூனிட். யூனிட் என்பது பாடத்தின் அளவு. (குப்பெர்ட்டினோவில் இருக்கிற டி ஆன்சா போல குவார்ட்டர் முறைக் கல்லூரி என்றால் 90.) அதில் ஒரு பகுதி எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப் பாடங்கள். குறைந்தது 18 யூனிட் ஏதாவது ஒரு துறைக்குள் வர வேண்டும். மிச்சம் நம் விருப்பம். கவுன்சிலர் அம்மா எடுத்த எடுப்பிலேயே, "இது முடிந்த பிறகு எங்கே போகப் போகிறீர்கள்? அங்கிருந்து பின்னோக்கி வருவோம்" என்றார். என் படிப்பு மொத்தமும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அமைந்தது.

கலிஃபோர்னியாவில் பிரீஸ்கூல் ஆசிரியராகக் குழந்தை வளர்ச்சிப் பாடங்களில் 12 யூனிட்டும் கொஞ்சம் வேலை அனுபவமும் வேண்டும். சரி, விருப்பப் பாடங்களை அங்கேயே போட்டேன். குழந்தை வளர்ச்சி, குழந்தையும் குடும்பமும் சமூகமும், பாடத்திட்டம் வகுப்பது என்று வரிசையாக. இதில் ஒன்று என் கல்லூரியில் சமூக அறிவியல் பொதுப் பாடமாகவும் கணக்கில் வந்தது. என் 18 யூனிட் துறையும் சமூக, நடத்தை அறிவியல்தான், அதனால் ஒரே பாடம் இரண்டு இடத்தை நிரப்பியது. பட்டம் கைக்கு வரும் முன்னாலேயே பிரீஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வேறு பல மேஜர்களில், அதாவது ஒரே முதன்மைத் துறையில் படித்திருந்தால், எனக்கு இப்படி இடம் கிடைத்திருக்காது.

பிறகு மாநிலத்தின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யூசி அல்லது கால் ஸ்டேட்டுக்குப் போக நினைப்பவர்கள் அசிஸ்ட் (ASSIST) என்ற அதிகாரபூர்வ இணையதளத்தை முதல் நாளே திறந்து பாருங்கள். உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடாகும் என்று அதில் இருக்கும். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து இரண்டு அமைப்புக்கும் பொதுப் பாடப் பட்டியல் ஒன்றுதான்: கால்-கெட்க் (Cal-GETC), 34 யூனிட். இன்னொன்று, கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதிகபட்சம் 70 யூனிட்தான் கணக்கில் ஏறும். ஆசைக்கு எடுத்துக்கொண்டே போனால் மேற்கொண்டு எடுக்கும் யூனிட் அந்தக் கணக்கில் ஏறாது.

கட்டணம் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 2012 முதல். மூன்று யூனிட் பாடம் 138 டாலர். வேலை விசாக்காரரின் துணைக்குத் தருகிற எச்-4 விசாவில் இருக்கிற தோழிகளுக்கு: ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்து, இதுதான் உங்கள் ஊர் என்பதற்கு ஆதாரம் காட்டினால் உங்களுக்கும் இந்தக் கட்டணம்தான். எஃப்-1 மாணவர் விசாவுக்கு இது பொருந்தாது. வேலை செய்யும் அனுமதி தனி விஷயம், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா சொன்னதைப் பெற்றோர் பக்கத்திலிருந்து தொடர்கிறேன். எங்கள் மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது என்ன படிப்பது என்று தெளிவில்லை. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் கவுண்டி காலேஜில் சேர்த்தோம். கம்யூனிட்டி காலேஜை இந்த மாநிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி. பள்ளியில் முதல் 15 சதவீதத்துக்குள் வருகிற பிள்ளைகளுக்கு என்ஜே ஸ்டார்ஸ் திட்டத்தில் அவர்கள் கவுண்டி கல்லூரியின் கல்விக் கட்டணம் கிடைக்கும். அவளுக்குக் கிடைத்தது.

நான் மற்றப் பெற்றோருக்கு அழுத்திச் சொல்வது இதைத்தான்: அசோசியேட் பட்டத்திலேயே ஏ.ஏ. (கலை), ஏ.எஸ். (அறிவியல்) பட்டங்கள் வேறு, ஏ.ஏ.எஸ். (பயன்முறை அறிவியல்) வேறு. 2007-இல் வந்த மாநிலச் சட்டப்படி ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். முடித்தவர் நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் அது நான்காண்டுப் பட்டத்தின் முதல் பாதியாக முழுசாக ஏற்கப்படும். ஏ.ஏ.எஸ். நேராக வேலைக்குப் போவதற்கான படிப்பு, அதற்கு இந்த உறுதி கிடையாது. ஒரே ஒரு எழுத்து கூடுதல்தானே என்று விட்டுவிடாதீர்கள், சேர்க்கைப் படிவத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

என்ஜினீயரிங் பக்கம் போக வாய்ப்பிருக்கிற பிள்ளைக்கு ஜெனரல் ஸ்டடீஸ் வேண்டாம் என்பது என் கருத்து. கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அதோடு இயற்பியல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் பின்னால் ஒரு வருடமே தள்ளிப்போகலாம். எங்கள் மகள் சந்தேகம் இருந்தபோதே முதல் பருவத்தில் கால்குலஸை எடுத்து வைத்தாள். இரண்டாம் பருவத்தில் பொருளாதாரம் பிடித்துப்போனது, அதற்கும் அந்தக் கால்குலஸ் தேவைப்பட்டது. இப்போது பொருளாதாரத்தில் பி.ஏ. படிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். அவள் அம்மாவும் நானும் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

ஹூஸ்டன், டெக்சஸ்

நான் இரவு ஷிஃப்டில் வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவன். மதுரையில் பி.காம். இரண்டு வருடம் படித்தது வீணாகிவிடுமோ என்று கவலை இருந்தது. மார்க் ஷீட்டுகளைப் பாடவாரியாக மதிப்பீடு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். சேரும் கல்லூரி எந்தெந்த நிறுவனங்களின் மதிப்பீட்டை ஏற்கிறது என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பழைய பாடத்திட்டத்தையும் ஊரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தது ரொம்ப உதவியது. கணக்குப்பதிவியல் ஏற்கப்பட்டதற்கு அதுதான் காரணம். மற்றவை பெரும்பாலும் விருப்பப் பாடக் கணக்கில் விழுந்தன. ஜெனரல் ஸ்டடீஸ் மாதிரியான பட்டத்தில் விருப்பப் பாடத்துக்கு நிறைய இடம் இருப்பதால் அவையும் உபயோகப்பட்டன.

டெக்சஸில் 42 மணி நேர கோர், அதாவது எல்லாரும் படிக்க வேண்டிய பொதுப் பாடத் தொகுப்பு, இருக்கிறது. இங்கே மணி நேரம் என்பது கலிஃபோர்னியாவில் யூனிட் என்பது போலப் பாடத்தின் அளவு. அதை முழுசாக முடித்து, டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பதிவிலும் ஏறிவிட்டால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அப்படியே ஏற்க வேண்டும். அரைகுறையாக நிறுத்திவிட்டு மாறினால் போகிற இடம் மிச்சத்தைத் தன் கணக்குப்படி கேட்கும். அமெரிக்க வரலாறு 6 மணி நேரம், அரசாங்கம் 6 மணி நேரம் சட்டப்படி கட்டாயம், அரசாங்கப் பாடத்தில் டெக்சஸ் அரசியலமைப்பும் வரும். நம்மூரில் படித்ததை வைத்து இதிலிருந்து தப்பிக்க முடியாது, முதலிலேயே முடித்துவிடுங்கள்.

அப்புறம், "பிடிக்கவில்லை என்றால் டிராப் பண்ணிக்கலாம்", அதாவது பாடத்தைப் பாதியில் விட்டுவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். 2007 இலையுதிர் பருவத்திலோ அதற்குப் பின்னோ டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் முதல்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு இளநிலைப் படிப்பு முழுவதற்கும் சேர்த்து ஆறு டிராப்தான். கல்லூரி மாறினாலும் அந்த எண்ணிக்கை கூடவே வரும். ஆனால் பருவ ஆரம்பத்தில் சென்சஸ் தேதி என்று மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் நாள் ஒன்று உண்டு, அதற்கு முன் விலகினால் கணக்கில் சேராது. பாடம் ஒத்துவருமா என்று சோதித்துப் பார்ப்பவர்கள் முதல் வாரமே வகுப்பில் உட்கார்ந்து, சிலபஸை முழுசாகப் படித்துவிட்டு, அந்தத் தேதிக்குள் முடிவெடுங்கள். கல்லூரியின் நாட்காட்டியில் அந்தத் தேதி போட்டிருக்கும்.