புதுப்பிப்பு: ஸ்பானிஷ் பட்டப்படிப்பு, திருப்பூரிலிருந்து

போன வருசம் இங்கே கேட்டிருந்தேன்: ஸ்பானிஷை முதன்மைப் பாடமாக எடுக்க ஆசை, வீட்டில் பி.காம். போகச் சொல்கிறார்கள், என்ன செய்ய? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுதச் சொன்ன யோசனைதான் பலித்தது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) பி.ஏ. ஆனர்ஸ் ஸ்பானிஷ் கிடைத்துவிட்டது. முன்பே மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை, அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார்கள். பனியன் ஏற்றுமதிக்கு ஸ்பெயினிலும் வாடிக்கையாளர்கள் உண்டு என்று ஒருவர் எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, "சரி சாமி, போயிட்டு வா" என்றார்.

எதிர்பாராதது: நம் தமிழ் இவ்வளவு கைகொடுக்கும் என்று நினைக்கவே இல்லை. 'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். ர, ற பழகிய நாக்குக்கு அது சுலபம். 'பேசுகிறேன்' போலவே, அதே பொருள் தரும் 'ஆப்லோ'விலும் 'நான்' உள்ளேயே இருக்கிறது. ஆனால் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது இன்னும் மனதில் நிற்கவில்லை.

அப்புறம், சான்றிதழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: டெலே, சியெலே இரண்டும் ஸ்பானிஷ் மொழித்திறன் சான்றிதழ்கள். டெலே காலாவதி ஆகாது, சியெலே 5 ஆண்டுதான் செல்லும். நான் டெலேயில் நடுத்தர நிலையான பி1 எழுதப்போகிறேன்.